சூடு ஏத்த ஏத்த எக்ஸ்ஆர்டி அழகா வருது, ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் ஏன் செத்துப்போகுது?

தங்கச்சி, நீங்க நீளமா எழுதினத நான் புரிஞ்சிக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஜிங்க் அசிடேட், மேங்கனீஸ் அசிடேட், சோடியம் சல்ஃபைட் (Na2S) மூணையும் தண்ணில கலந்து மேங்கனீஸ் கொஞ்சமா கலந்த (டோப் பண்ண) ஜிங்க் சல்ஃபைட் நேனோ பவுடர் எடுத்திருக்கீங்க. 80 டிகிரில காய வச்சி, அப்புறம் மஃபில் ஃபர்னஸ்ல, அதாவது பெட்டி மாதிரி இருக்கிற சூளையில, சாதாரண காத்துலயே 200ல இருந்து 700 வரைக்கும் நூறு நூறா ஏத்தி, ஒவ்வொண்ணையும் 2 மணி நேரம் வச்சி எடுத்தீங்க. எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்ரே அடிச்சி கிரிஸ்டல் அமைப்ப பாக்குற அளவுல, பீக் எல்லாம் சூடு கூடக்கூட கூர்மையாகுது. ஆனா யூவி விளக்குக்கு கீழ ஆரஞ்சு 300 வரைக்கும் ஏறுது, 400, 500ல இறங்குது, 600ல பச்சை கலந்த வெளிர் நிறமா ஆயிடுது. சுப்பர்வைசர் "கிரிஸ்டல் நல்லா வந்தா வெளிச்சமும் கூடணுமே"ன்னு கேக்குறாரு, உங்களுக்கு எது சரியான டெம்பரேச்சர், தீசிஸ்ல என்ன காரணம் எழுதுறதுன்னு தெரியணும். என்னைக் கேட்டா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. 300ல இருந்து 500க்குள்ள ஏன் இறங்குதுங்கிறது ஒண்ணு. 600ல எடுத்த பவுடர் இன்னும் அதே சாமான்தானாங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பதில் சுலபம், முதலாவதுதான் இழுக்கும்.

நான் பினாங்குல, பாயான் லெப்பாஸ் பக்கம் எல்இடிக்கு போடுற பாஸ்பர் (வெளிச்சம் விடுற பவுடர்) வேலையிலதான் பல வருசமா இருக்கேன். தினமும் கையில புழங்குறது கார்னெட் பவுடர்தான், சல்ஃபைட் எல்லாம் யூனி காலத்துல பண்ணது, ஆனா ஃபர்னஸ் பண்ற வேலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஒரு சின்ன விசயத்த முதல்லயே பிரிச்சி வச்சிக்கிங்க, ஏன்னா நீங்க அனுப்புன வரியில ரெண்டும் கலந்து கிடக்கு. சூட்டுல வச்சி எடுத்து, ஆற வச்சி, ரூம் டெம்பரேச்சர்ல வெளிச்சத்த அளக்குறது வேற, அதுதான் அனீலிங். பவுடர் சூடா இருக்கும்போதே அளந்தா வெளிச்சம் குறையுமே, அது தெர்மல் குவென்ச்சிங், ஆறுனா திரும்ப வந்துடும். எல்இடில எங்களுக்கு தலைவலி குடுக்குறது அந்த ரெண்டாவது. உங்களோடது முதல் வகை, ஆறுன பிறகும் திரும்ப வரல, அதனால உள்ள ஏதோ நிரந்தரமா மாறியிருக்கு. தீசிஸ்ல தெர்மல் குவென்ச்சிங்னு எழுதிடாதீங்க, எக்ஸாமினர் அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சிக்குவாரு.

இப்ப 600. இதுல சந்தேகமே இல்ல, உங்க ஜிங்க் சல்ஃபைட் காத்துல எரிஞ்சி ஜிங்க் ஆக்சைட் ஆகியிருக்கு. சல்ஃபர் போய் சல்ஃபர் டையாக்சைடா வெளிய வந்திருக்கும், ஃபர்னஸ் கதவு திறந்தப்ப மூக்குல சுருக்குன்னு ஏறுற ஒரு வாடை வந்திருந்தா அதுதான். நேனோ சைஸ்ல மேற்பரப்பு அதிகம், அதனால 500ஐ நெருங்கும்போதே இது ஆரம்பிச்சிடும், 600, 700ல நல்லா ஓடும். நீங்க பாக்குற பச்சை ஜிங்க் ஆக்சைட் கிரிஸ்டல்ல இருக்கிற குறையில (டிஃபெக்ட்) இருந்து வர்ற அகலமான வெளிச்சம் (எமிஷன்), 500 நேனோமீட்டர் சுத்தி இருக்கும். மேங்கனீஸோட ஆரஞ்சு 585, 590 பக்கம், அதுக்கு சல்ஃபைட் கிரிஸ்டல் வேணும், வீடே போன பிறகு அது எங்க எரியும்? இத எக்ஸ்ஆர்டில எப்படி தவற விட்டீங்கன்னும் புரியுது. ஜிங்க் சல்ஃபைட் க்யூபிக் (கனசதுர) அமைப்புக்கு பீக் 28.5, 47.5, 56.3 டிகிரி கோணத்துல. ஜிங்க் ஆக்சைடுக்கும் 47.5லயும் 56.6லயும் பீக் இருக்கு, மேலோட்டமா பாத்தா அதே பீக் கூர்மையாகுற மாதிரியே தெரியும். நீங்க பாக்க வேண்டியது 31.8, 34.4, 36.3ன்னு வர்ற மூணு பீக். அந்த மூணும் எழுந்து 28.5 சரிஞ்சிருந்தா கதை முடிஞ்சது, கிரிஸ்டல் நல்லா வந்திருக்கு, ஆனா அது வேற ஒரு கிரிஸ்டல். எக்ஸ்ஆர்டிக்கு மறுபடி கியூ நிக்க முடியலன்னா தராசே போதும். ஜிங்க் சல்ஃபைட் முழுசா ஜிங்க் ஆக்சைட் ஆனா எடை 16.5 சதவீதம் குறையணும், 97.5 கிராம் 81.4 ஆகும். 300ல தண்ணியெல்லாம் போன பவுடர எடை போட்டு, அதையே 700ல வச்சி எடுத்து மறுபடி போடுங்க. நடுவுல ஜிங்க் சல்ஃபேட் கொஞ்சம் உருவாகி எடைய ஏத்திக் காட்டலாம், அதனால 500 மாதிரி நடு டெம்பரேச்சர்ல தராச மட்டும் நம்ப வேணாம்.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருவோம். "சூடு, அதனால கிரிஸ்டல், அதனால வெளிச்சம்"னு ஒரே கோட்டுல எல்லாரும் எழுதுறாங்க. ஃபர்னஸ் ஒரு வேலைய மட்டும் பண்றதில்ல, நாலஞ்சு வேலைய ஒரே நேரத்துல பண்ணுது, சிலது வெளிச்சத்த ஏத்தும், சிலது இறக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டெம்பரேச்சர்ல முழிச்சிக்கும். நீங்க கண்ணுல பாக்குறது அத்தனையும் கூட்டிக் கழிச்ச பாக்கிதான்.

ஏத்துற பக்கம் என்னென்னன்னு பாருங்க. முதல்ல மேற்பரப்புல ஒட்டியிருக்கிற தண்ணி, ஹைட்ராக்சில், அசிடேட் மிச்சம் எல்லாம் 100ல இருந்து 300க்குள்ள கழண்டு போகும். ஹைட்ராக்சில் பெரிய தொல்லை, அதோட அதிர்வு எனர்ஜி அதிகம், எக்சைட் ஆன, அதாவது எனர்ஜி வாங்கி வெளிச்சம் விடத் தயாரா இருக்கிற, அயான்கிட்ட இருந்து எனர்ஜிய உறிஞ்சி சூடாக்கி விட்டுடும். அடுத்தது சைஸ். 3 நேனோமீட்டர் உருண்டைல ஒரு 0.3 நேனோமீட்டர் தோல் போட்டு கணக்கு பண்ணிப் பாருங்க, கிட்டத்தட்ட பாதி பொருள் அந்தத் தோல்லயே இருக்கு. 20 நேனோமீட்டர்ல அது 9 சதவீதம்தான். தோல்ல இருக்கிற அயானுக்கு பக்கத்துல பிணைப்பு இல்லாம தொங்குற இடங்கள் நிறைய, அங்க எனர்ஜி வெளிச்சமா வராம வீணாப் போகும். சைஸ் வளந்தா இந்த நட்டம் குறையும். மூணாவது, தண்ணில வேகமா படிஞ்ச பவுடர்ல மேங்கனீஸ் கொஞ்சம் மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், சரியான இடத்துல உக்காந்திருக்காது, சூடு பட்டா உள்ள நகர்ந்து ஜிங்க் இருக்க வேண்டிய இடத்த பிடிச்சிக்கும். மேங்கனீஸுக்கும் ஜிங்குக்கும் சார்ஜ் ஒண்ணு, சைஸும் நெருக்கம், அதனால சண்டை இல்லாம உக்காரும். இந்த மூணும் சேந்து 300 வரைக்கும் உங்க ஏத்தத்த தாராளமா விளக்கிடும்.

ஆனா ஏத்தத்துலயே ஒரு பொய் ஒளிஞ்சிருக்கலாம், இத ரொம்ப பேர் யோசிக்கிறதே இல்ல. ஜிங்க் சல்ஃபைட் பெரிய கட்டியா இருந்தா 340 நேனோமீட்டர் கிட்டதான் உறிஞ்ச ஆரம்பிக்கும், 3 நேனோமீட்டர்ல அந்த எல்லை 300 பக்கம் போயிடும். நீங்க எக்சைட் பண்றது 325ல. அப்படின்னா சூடு காட்டாத சின்ன பவுடர் உங்க வெளிச்சத்த சரியா சாப்பிடவே இல்ல, சைஸ் வளந்ததும் எல்லை இந்தப் பக்கம் நகர்ந்து நல்லா சாப்பிடுது, எமிஷன் கூடுன மாதிரி தெரியுது. பவுடர் தரம் கூடுச்சா, சாப்பாடு கூடுச்சான்னு ஒரே ஒரு எக்சைட்டேஷன்ல எடுத்த ஸ்பெக்ட்ரம் சொல்லாது. எமிஷன 590ல நிறுத்தி வச்சி எக்சைட்டேஷன் ஸ்பெக்ட்ரத்த 250ல இருந்து 400 வரைக்கும் ஓட விடுங்க, அதே மெசின்ல பத்து நிமிச வேலை. எல்லை நகர்றது கண்ணுக்கே தெரியும்.

இறக்குற பக்கம்தான் 400, 500. இங்க உங்க டேட்டாவ வச்சி எது காரணம்னு அடிச்சி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன், மூணு பேர் மேல சந்தேகம் இருக்கு. ஒண்ணு, சல்ஃபர் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி காலி இடம் விடுறது, அந்த காலி இடங்கள் எலக்ட்ரான பிடிச்சி வச்சி மேங்கனீஸுக்கு போக வேண்டிய எனர்ஜிய பறிச்சிடும், 420ல இருந்து 450 வரைக்கும் ஒரு நீல எமிஷன் இருந்தா அத இதோட சேத்து பாருங்க. ரெண்டு, எக்ஸ்ஆர்டி கண்ணுக்கு இன்னும் தெரியாத மெல்லிசான ஆக்சைட் தோல் வெளிய உருவாகுறது. சில சதவீதத்துக்கு கீழ, அதுவும் உருக்குலைஞ்ச நிலையில இருந்தா எக்ஸ்ஆர்டி காட்டிக் குடுக்காது. மூணு, மேங்கனீஸ் நகர ஆரம்பிச்சா நல்ல இடத்துலயே நிக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வந்து ஜோடியா, கூட்டமா சேரும், அப்ப எனர்ஜி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தாவி கடைசியில ஏதாவது ஒரு கெட்ட இடத்துல போய் விழுந்துடும். மூணாவத பிடிக்க ஈபிஆர் (ஜோடி சேராத எலக்ட்ரான காந்தப்புலத்துல பாக்குற மெசின்) இருந்தா நல்லது. தனித்தனியா இருக்கிற மேங்கனீஸ் ஆறு கோடா வரும், கூட்டமா சேந்தா ஆறும் கரைஞ்சி ஒரே அகலமான மேடா வரும். எத்தனை சதவீதம் மேங்கனீஸ் ஊத்துனீங்கங்கிறதும் எத்தனை உள்ள போச்சுங்கிறதும் வேற வேற, ஐசிபில (தனிமங்களோட அளவ சொல்ற சோதனை) ஒரு தடவை பாத்துடுங்க. கிரிஸ்டல் அமைப்பு க்யூபிக்ல இருந்து ஹெக்ஸகனலுக்கு (அறுகோணம்) மாறுனதுதான் காரணம்னு யாராவது சொன்னா அத மட்டும் லேசா எடுத்துக்குங்க. கட்டியா இருக்கிற ஜிங்க் சல்ஃபைட் 1020 டிகிரிலதான் அப்படி மாறும், நேனோல 400 பக்கமே மாறுறத பாத்திருக்காங்க, அதனால உங்களுக்கும் மாறியிருக்கலாம், 26.9லயும் 30.5லயும் தோள் மாதிரி ஏதாவது எழுதான்னு பாருங்க. ஆனா ஹெக்ஸகனல்லயும் மேங்கனீஸ் ஆரஞ்சா நல்லாவே எரியும், அது கொலைகாரன் இல்ல.

இந்த மூணையும் பிரிக்க கெட்டிக்கார வழி, காத்த மாத்துறது. அதே 400, 500 டிகிரி, அதே 2 மணி நேரம், ஆனா ட்யூப் ஃபர்னஸ்ல நைட்ரஜனோ ஆர்கானோ ஓட விட்டு பண்ணுங்க. இறக்கம் காணாமப் போச்சுன்னா குற்றவாளி ஆக்சிஜன். இறக்கம் அப்படியே நின்னா மேங்கனீஸ் கூட்டம் சேர்றதோ சல்ஃபர் இழப்போ, ரெண்டுல ஒண்ணு காரணம். அப்புறம் காத்து வர்ற பக்கத்துல ஒரு சின்ன போட்ல (படகு மாதிரி பீங்கான் தட்டு) கொஞ்சம் சல்ஃபர் பவுடர் வச்சி மறுபடி பண்ணுங்க, வெளிச்சம் திரும்புனா சல்ஃபர் இழப்புதான். வெளியேறுற காத்து ஃப்யூம் ஹூட்குள்ள போகணும், ஹைட்ரஜன் கலந்த காத்து போட்டுடாதீங்க, சல்ஃபரோட சேந்தா ஹைட்ரஜன் சல்ஃபைட் வரும், அது விளையாட்டு இல்ல. உங்க லேப்ல ட்யூப் ஃபர்னஸ் இல்லன்னு எழுதியிருந்தீங்க, அப்படின்னா பவுடர மூடி போட்ட சின்ன க்ரூசிபிள்ல வச்சி, அத பெரிய க்ரூசிபிள்ல கரித்தூளுக்குள்ள புதைச்சி வைக்கிற பழைய முறை இருக்கு. கரி ஆக்சிஜன தின்னுட்டு கார்பன் மோனாக்சைட் விடும், அதனால இதுவும் ஹூட் இல்லாம கூடாது.

உங்க சுப்பர்வைசர் சொல்றதும் சும்மா சொல்றது இல்ல, அவரு வேலை செஞ்சி பழகின பொருள் வேறயா இருக்கும். யூரோப்பியம் போட்ட இட்ரியம் ஆக்சைட எடுத்தா அவரு சொல்றதுதான் சரி. ஏற்கனவே ஆக்சைட், காத்துல எரிஞ்சி போறதுக்கு ஒண்ணும் இல்ல, உருகுறது 2400 டிகிரிக்கு மேல, அதனால 600, 800, 1000ன்னு ஏத்த ஏத்த ஹைட்ராக்சிலும் கார்பனேட்டும் போய், கிரிஸ்டல் வளந்து, 611 நேனோமீட்டர் சிவப்பு கூடிக்கிட்டேதான் போகும். அதுல ஒரு வசதியும் உண்டு, யூரோப்பியமே உளவு சொல்லும். 590 பக்கம் வர்ற கோடு சுத்துப்புறத்த பத்தி கவலைப்படாது, 611 கோடு மட்டும் சமச்சீர் இல்லாத இடத்துல உக்காந்தா பெருசாகும், ரெண்டோட விகிதத்த பாத்தே அயான் எப்படிப்பட்ட இடத்துல இருக்குன்னு கொஞ்சம் ஊகிக்கலாம். மேங்கனீஸ் இந்த உதவிய பண்ணாது. அதே யூரோப்பியத்த டைட்டானியம் டையாக்சைட்ல போட்டா கதை திரும்ப மாறும். யூரோப்பியம் பெருசு, டைட்டானியம் இடம் சின்னது, அனடேஸ்ங்கிற அமைப்புல எப்படியோ ஒதுங்கி இருக்கும், 600, 700 தாண்டி ரூட்டைல்ங்கிற இன்னொரு அமைப்பா மாறும்போது வெளிய தள்ளிவிட்டுடும், பைரோக்ளோர்ங்கிற வேற கிரிஸ்டலா தனியா பிரியும், வெளிச்சமும் விழும். எங்க கார்னெட்ல சீரியம் மூணு சார்ஜ்ல இருந்தாதான் மஞ்சள் வரும், நாலா ஆனா எரியாது, அதனால ஆக்சிஜன பறிக்கிற (ரெடியூசிங்) காத்துலதான் கடைசி சூடு. ஒரே சூடு, நாலு பொருள், நாலு முடிவு.

லைஃப்டைம், அதாவது எக்சைட் பண்றத நிறுத்துன பிறகு வெளிச்சம் எவ்வளவு நேரத்துல அணையுதுங்கிறத, அளக்கப் போறதா சொன்னீங்க, நல்ல முடிவு, ஏன்னா பவுடர் எவ்வளவு அழுத்தி வச்சீங்க, எவ்வளவு வெளிச்சம் சிதறுச்சுங்கிறது இன்டென்சிட்டிய ஆட்டும், லைஃப்டைம அவ்வளவா ஆட்டாது. ஆனா இந்த பொருள்ல ஒரு பழைய பஞ்சாயத்து இருக்கு, தெரியாம போனா மாட்டிக்குவீங்க. 1994ல பார்கவா குழு, நேனோ சைஸ்ல மேங்கனீஸோட லைஃப்டைம் மில்லிசெகண்ட்ல இருந்து நேனோசெகண்டுக்கு, அதாவது ஒரு லட்சம் மடங்கு வேகமாயிடுச்சு, எஃபிஷியன்சி 18 சதவீதம்னு எழுதுனாங்க, அதுக்கப்புறம்தான் டோப் பண்ண நேனோ பொருள் மேல உலகமே பாஞ்சது. 1998ல நெதர்லாந்துல பொல், மெய்ஜெரிங்க் ரெண்டு பேரும் அளந்து பாத்து, மேங்கனீஸோட எமிஷன் நேனோலயும் 1.9 மில்லிசெகண்ட் பக்கம்தான், கட்டியில இருக்கிற மாதிரியேதான், அந்த வேகமான பகுதி ஜிங்க் சல்ஃபைடோட டிஃபெக்ட் எமிஷன் வால் ஆரஞ்சு பக்கம் வரைக்கும் நீண்டதுன்னு காட்டுனாங்க. இப்ப பெரும்பாலும் ஒத்துக்கிட்டது இதுதான். உங்களுக்கு என்ன பாடம்னா, நேனோசெகண்ட் மெசின்ல மட்டும் அளந்தா வாலத்தான் அளப்பீங்க, மில்லிசெகண்ட் ஃப்ளாஷ் லாம்ப்ல பத்து மில்லிசெகண்ட் வரைக்கும் விட்டு அளங்க. 300ல லைஃப்டைம் கூடி 400, 500ல சுருங்குனா உண்மையிலேயே புதுசா வெளிச்சத்த தின்ற இடம் உருவாயிருக்கு. லைஃப்டைம் மாறாம இன்டென்சிட்டி மட்டும் விழுந்தா, எரியிற மேங்கனீஸ் நல்லாத்தான் எரியிது, அதுக்கு எனர்ஜி வந்து சேர்றதுதான் குறைஞ்சிருக்கு.

சைஸ் கணக்குல ஒண்ணு சொல்லணும். பீக் அகலத்துல இருந்து கிரிஸ்டல் சைஸ் கணக்கு போடுற ஷெர்ரர் ஃபார்முலால அகலத்த ரேடியன்ல போடணும், டிகிரில இல்ல. செம்பு எக்ஸ்ரேல 28.5 பீக் அகலம் 3 டிகிரின்னா 2.7 நேனோமீட்டர் வரும், 0.4 டிகிரின்னா 20 பக்கம் வரும். மெசினோட சொந்த அகலமே 0.1 டிகிரி இருந்தா சின்ன பவுடர்ல கவலை இல்ல, 500 டிகிரி பவுடர்ல அத கழிக்காம விட்டா தப்பாகும். அதுபோக, அது வர்றது கிரிஸ்டல் சைஸ், துகள் சைஸ் இல்ல, சூட்டுல துகள்ங்க ஒட்டிக்கிட்டு டெம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பெருசா தெரியும்.

நேரம் பத்தியும் கேட்டிருந்தீங்க, 2 மணிக்கு பதிலா 4 மணி வச்சா என்னன்னு. அயான் நகர்ற தூரம் நேரத்தோட வர்க்கமூலத்துலதான் கூடும், ரெட்டிப்பு நேரத்துக்கு 1.4 மடங்கு தூரம், டெம்பரேச்சருக்கு அடுக்கடுக்கா கூடும். அதனால 50 டிகிரி ஏத்துறது நேரத்த ரெட்டிப்பாக்குறத விட பலமா வேலை செய்யும், நேரத்த விட்டுட்டு 250, 300, 350ன்னு நெருக்கமா எடுங்க. அப்புறம் அந்த சோடியம் சல்ஃபைட் பாட்டில் எப்ப திறந்ததுன்னு பாருங்க. நம்ம ஊர் ஈரத்துல அது தண்ணிய இழுத்து, காத்துல ஆக்சிடைஸ் ஆகி, பழசான பிறகு நீங்க எடை போட்ட அளவுக்கு சல்ஃபைட் அதுல இருக்காது, பவுடரே சல்ஃபர் பத்தாக்குறையோட பொறந்திருக்கும், அப்ப 400ல நடக்குற இழப்பு இன்னும் சீக்கிரமே தெரியும். பாட்டில் கட்டி கட்டியா, மஞ்சளா இருந்தா புதுசு திறந்து ஒரு பேட்ச் மறுபடி போட்டு, 300, 400 ரெண்ட மட்டும் ஒப்பிட்டு பாருங்க.

தீசிஸுக்கு இப்போதைக்கு, காத்துல 300 பக்கம் உங்க பவுடருக்கு உச்சம், 600ல இருந்து சாமானே ஜிங்க் ஆக்சைட், இந்த ரெண்டையும் தைரியமா எழுதலாம். நடுவுல இருக்கிற இறக்கத்துக்கு மூணு காரணத்தையும் போட்டு, நைட்ரஜன் ரன் முடிஞ்ச பிறகு எது நிக்குதோ அத முன்னால கொண்டு வாங்க. அது வரைக்கும் 700 பவுடர கொட்டிடாதீங்க, ஜிங்க் ஆக்சைடுக்கு சொந்த ரெஃபரன்ஸா அத வச்சி 500 பவுடரோட ஸ்பெக்ட்ரத்துல எவ்வளவு பச்சை கலந்திருக்குன்னு பிரிச்சி பாக்கலாம்.